பூக்குழி வாசலில் ஒரு சாக்கு

என் தம்பியின் வலது பாதத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரித்தெடுத்தது நான்தான். அதனால் அந்த விஷயத்தில் என்னிடம் யாரும் வாதம் பண்ண முடியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் வேலைசெய்து குடியிருந்த தோட்டம் கடலோர ஊரான ஜெராமிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் தீமிதி நடக்கும். அந்த வருடம் கோயில் கமிட்டிக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது. பெரிய அண்டாவிலிருந்து மொண்டு கொடுத்து வந்த மோரையும் சிரப் தண்ணீரையும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் மாட்டி, உறிஞ்சுகுழல் செருகிக் கொடுத்தார்கள். கழுவுகிற வேலை மிச்சமாம். சனங்களும் குடித்த இடத்திலேயே பையைப் போட்டுவிட்டுப் போனார்கள். கடற்காற்று அதையெல்லாம் உருட்டிக்கொண்டு போய்ப் பூக்குழியில் தள்ளியது. குழிக்கு மேலே கட்டியிருந்த கலர்க் காகிதத் தோரணமும் பிய்ந்து விழுந்தது. தம்பி காப்புக் கட்டிய கையோடு நெருப்பில் இறங்கினான். பாதி தூரத்தில் அவன் முகம் கோணியதைப் பார்த்தேன்.

கொப்புளம் எப்படியோ ஆறிவிட்டது. ஆறாதது வேறு. தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் கமிட்டித் தலைவர். அவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "விரதத்துல கோளாறு இருந்தா ஆத்தா காட்டிக் குடுத்துருவா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்க அதே பேச்சு. ஜெராமில் கோழி தின்றான் என்றார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். விரதம் முடியும்வரை என் கையால் ஆக்கியதைத் தவிர பச்சைத் தண்ணீர்கூட வெளியில் குடிக்காதவன் அவன். அதன்பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை. வேலை விட்டால் வீடு என்று முடங்கிப்போனான். எனக்கோ மண்டோரைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த திருவிழா நெருங்கியபோது, "இந்த வருசமும் எறங்கறேன்கா" என்றான். இந்த முறையும் சுட்டுவிட்டால் அந்தக் கெட்ட பெயர் அவனோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆத்தா மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. என் சந்தேகமெல்லாம் அந்தப் பை மேல்தான்.

கமிட்டிக் கூட்டத்தில் பொம்பளைகள் பேசுவது வழக்கமில்லை. குத்துவிளக்கு துலக்கத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். நான் சாம்பிராணிச் சட்டி நிறைய அடுப்புத் தணலை அள்ளிக்கொண்டு போனேன். பூசைக்கு என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். சட்டியை நேராக மேசைமேல் வைத்து, ஒரு காலிப் பையைத் தணலில் போட்டேன். அது சுருங்கி உருகியது. ஒரு துண்டு வாழைமட்டையை அதன்மேல் அழுத்தித் தூக்கினேன். கறுப்புக் கறுப்பாக நூல் இழுத்துக்கொண்டு வந்தது.

"இதுல விரதம் எங்க வந்துச்சு, தலைவரே?" என்று கேட்டேன்.

அவரோ, பை இல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் கோப்பைக்கு எங்கே போவது, யார் கழுவுவது என்று பேச்சை மாற்றினார். அவரவர் வீட்டுக் கோப்பையை அவரவர் கொண்டுவரட்டும் என்றேன். சிரித்தார்கள். கோயிலுக்கு வருகிறவன் கையில் கோப்பையோடு வந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று ஒருவர் கேட்டார். தாகம் எடுத்தவன் என்று நினைப்பான் என்றேன். கடைசியில் மண்டோர், "சரி, செஞ்சு பாருலா. கூட்டம் கத்துச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று கைகழுவிவிட்டார்.

லயத்துப் பெண்களைச் சம்மதிக்க வைக்க நான் பெரிதாகப் பாடுபடவில்லை. போன திருவிழாவின் பைகளெல்லாம் சாக்கடையை அடைத்து, மழைத் தண்ணீர் ஏறியது அவர்கள் வாசலில்தான். ஆளாளுக்கு எனாமல் குவளையை எடுத்துத் துலக்கி, கைப்பிடியில் அடையாளத்துக்கு நூல் கட்டிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கென்று உபரிக் குவளைகளையும், அலசிக் கொடுக்க இரண்டு பெரிய பேசின்களையும் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பொங்கலுக்கும் கடலைக்கும் காகிதப் பொட்டலம் வேண்டாம், வாழையிலைத் துண்டு போதும் என்று ஆனது. கலர்க் காகிதத்துக்குப் பதிலாகத் தம்பியின் கூட்டாளிகள் தென்னங்குருத்து வெட்டி வந்து தோரணம் பின்னினார்கள். போன வருடத்தைவிட அதுதான் அழகாக இருந்தது.

ரோட்டோரக் கடைக்காரர்கள் மட்டும் பையில்தான் விற்றார்கள். அவர்களை நான் என்ன செய்ய முடியும்? ஓர் அரிசிச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு குழிக்குப் போகும் வாசலில் நின்றேன். குடித்து முடித்துப் பையைச் சாக்கில் போட்டால்தான் உள்ளே விடுவேன். டவுன்காரர்கள் முறைத்தார்கள். நானும் முறைத்தேன். முறைப்பதில் என்னை ஜெயிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சாக்கு நிறைய நிறைய எனக்கு ஒரே சந்தோஷம். இதில் ஒவ்வொன்றும் என் தம்பி காலுக்கு வராமல் போனது என்று நினைத்துக்கொண்டேன்.

உறுமி உச்சத்துக்குப் போனபோது தம்பி இறங்கினான். குழியில் தணலைத் தவிர ஒரு துரும்பு இல்லை. ஓடவில்லை, நடந்தான். பால் குழியில் கால் நனைத்து மேலே வந்தவனை உட்கார வைத்து, பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்துத் துடைத்தேன். எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் அதோடு விட நான் தயாராக இல்லை. "தலைவரே, இங்க வந்து பாருங்க" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்.

மண்டோர் தோள் துண்டைச் சரிபண்ணிக்கொண்டே வந்தார். நின்றபடியே பார்த்தார். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. என் மடியில் இருக்கிற பாதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குனியத்தான் வேண்டும். சுற்றிலும் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் தம்பியின் காலடியில் குனிந்தார்.

நன்றாகப் பாருங்கள் என்று இன்னொரு காலையும் தூக்கிக் காட்டினேன்.