சும்மா போகிறவர்கள்

எனக்கு இருபத்தொரு வயதானபோது, சிரம்பானில் சாலைகளுக்குத் திட்டம் போடும் அலுவலகம் ஒன்றில் தற்காலிகக் கிராணியாக, குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. லிங்கிப் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், அங்கங்கே சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அந்த வேலிக்குள் இருந்தார்கள். நான் ரஹாங்கில் ஒரு வாடகை அறையில் இருந்தேன்.

எங்கள் இன்ஜினியர் வெள்ளைக்காரர். இருபது வருஷம் கழித்து சிரம்பான் எப்படி இருக்கும், எந்தச் சாலையில் பஸ் ஓடவேண்டும், எங்கே புதிதாக வெட்டவேண்டும் என்பதையெல்லாம் இப்போதே வரைந்துவிட வேண்டும் என்பார். அதற்கு முதலில் ஜனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள் என்று தெரியவேண்டும். போலீஸ் சோதனைச் சாவடியில் எல்லாரும் எப்படியும் நிற்கத்தான் போகிறார்கள், அங்கேயே உட்கார்ந்து கேட்டு எழுதிவிடலாம் என்பது அவருடைய யோசனை. தோட்டத்துப் பிள்ளை, தமிழும் மலாயும் தெரிந்தவன் என்று என்னை லிங்கிச் சாலைக்கு அனுப்பினார். சாவடியிலிருந்து எங்கள் தோட்டம் செம்மண் பாதையில் இரண்டு மைல்.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று போலீஸ்காரர்கள் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள், சைக்கிள் சீட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பத்தடி தள்ளி நான் ஒரு மேசையும் கட்டுக் காகிதமுமாக உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் பஸ்ஸில் வந்தவர்களில் எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் வேலை. அப்பாவுக்கு நெருக்கம், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

“என்னத்துக்குப்பா இதெல்லாம் கேக்குற?”

“பின்னால பஸ் விடுறதுக்கு மாமா. நம்ம தோட்டத்துக்கே நேரா ஒரு தார்ச் சடக்கு வந்தாலும் வரும்.”

“வந்தா நல்லதுலா. எழுதிக்க. புதன்கெழமை ஆஸ்பத்திரிக்கு. ஒங்க அத்தை அங்கதான நெஞ்சுச் சளியோட கெடக்குறா.”

எழுதிக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் சாவடியில் தப்பிய இரண்டு கெட்டிப்பால் டின்கள் அங்கே அகப்பட்டிருக்கின்றன. காட்டுக்குக் கடத்தி வைத்துக்கொள்ள முடியாதபடி, விற்கும்போதே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். இவர் கையில் இருந்தவற்றில் ஓட்டை இல்லை. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. தோட்டத்துக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான்: அவர் எந்தக் கிழமை எங்கே போவார் என்று நான் எழுதினேன், அந்தக் கிழமை அந்த இடத்தில் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். குழாயடியில் அம்மா மட்டும் நின்றிருந்தாள். மற்றப் பெண்கள் வாளிகளோடு தள்ளி நின்று, அவள் பிடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அப்பா என்னை வேலி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“கொஞ்ச நாளைக்கு வராத. அம்மாகிட்ட யாரும் பேச மாட்டேங்கிறாங்க.”

“நீங்களும் நம்புறீங்களா?”

“நான் நம்பலடா. நான் ஒருத்தன் நம்பாட்டா போதுமா?”

அம்மா எனக்குப் போட்ட சோற்றை அவசர அவசரமாகத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பல மாதம் போகவில்லை.

சாவடியில் என் மேசைக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கே போகிறீர்கள்? சும்மா. என்ன வேலையாக? சும்மாதான். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் காகிதத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ்காரர்கள் மட்டும் என்னிடம் நன்றாகப் பேசினார்கள். கோப்பி ஊற்றிக் கொடுத்து, தங்கள் பெஞ்சில் இடம் விட்டார்கள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் பார்ப்பார்களே என்று, மரத்தடியில் தனியாக நின்றே குடித்தேன். ரஹாங் அறைக்குத் திரும்பினால், அன்றைக்கு முழுக்க அந்த இரண்டு கேள்வியைத் தவிர வேறு எதுவும் பேசாதது நினைவுக்கு வரும்.

சில வாரங்களில் மாமாவை விட்டுவிட்டார்கள். ஒரு புதன்கிழமை மெலிந்துபோய் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் குனிந்து பேசினார்.

“ஒம் மேல தப்பில்லன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேம்பா. டின்னுதான் காரணம்.”

“அத்தைக்கு எப்படி இருக்கு மாமா?”

“தேவல. ஆனா எம்பேரு எந்தப் பேப்பர்லயும் வேணாம். இன்னிக்கு நான் சும்மா போறேன், அவ்வளவுதான்.”

கணக்கெடுப்பு முடிந்ததும் இன்ஜினியர் சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டினார். எந்தப் பக்கம் நிறையப் பேர் போகிறார்களோ அந்தப் பக்கம் தடித்த கோடு. தெமியாங் பக்கம் விரல் தடிமன். எங்கள் தோட்டத்துப் பக்கம் மயிரிழை.

அங்கேயும் ஆட்கள் போகிறார்கள், பயத்தில் சொல்லவில்லை என்றேன்.

“உனக்குத் தெரியுமா அவர்கள் எங்கே போகிறார்கள் என்று?”

“தெரியும்.”

“அப்படியானால் நீயே எழுதிக் கொண்டு வா” என்று ஒரு கட்டு வெற்றுத் தாளை நீட்டினார்.

எனக்கு எல்லாம் மனப்பாடம். யாருடைய மகளை எந்தத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, யார் மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போகிறார், யார் பிள்ளையைப் பள்ளியில் விட சிரம்பான் வரை வருகிறார். எழுதினால் சாலை வரும். எழுதினால், காட்டிக்கொடுத்தேன் என்று சொல்லி என்னை ஒதுக்கினார்களே, அதை நானே செய்ததாக ஆகும். இரண்டு நாள் அறையில் வைத்துப் பார்த்துவிட்டு, தாள்களை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. “பிறகு பார்க்கலாம்” என்ற பட்டியலில் எங்கள் சாலையைச் சேர்த்துவிட்டார்.

அவசரகாலம் முடிந்தது, வேலியைப் பிடுங்கினார்கள். பெண்கள் அம்மாவிடம் பேச ஆரம்பித்து நாளாகியிருந்தது. பஸ் பெரிய சாலையோடு நின்றது. தோட்டத்துக்கு அதே செம்மண் பாதைதான். ஒரு மழைநாளில் அம்மாவோடு அந்த இரண்டு மைலும் நடந்தேன். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“ஆபீஸ்லதான இருக்க. நம்ம பக்கம் ஒரு சடக்கு போடச் சொல்லக்கூடாதா?”

“சொல்றேம்மா” என்றேன்.