ஏழு நர்சுகளும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரரைக் கோபக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே. எதையும் ஆற அமரச் செய்கிற ஆள். வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் முனையில் நின்று பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் பண்ணிப் பேசி முடித்துவிடுகிறேன்.

இந்தக் குணம்தான் அவருக்குச் சோறு போட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் புரோகிராமை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. குறை சொன்னால் எழுதியவர், "என் மெஷின்ல நல்லா ஓடுதே" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் இவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிறகு கம்பெனி கைமாறியது, ஆட்களைக் குறைத்தார்கள், இவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையின் சுவரோர நாற்காலி அவருடைய ஆபீஸ் ஆனது. வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுப் பதில் வராமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் குறைந்தது. கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

என் அண்ணன் சும்மா இருப்பானா? அவன் ஊரில் ஒரு குடோனில் இவருக்கு மேற்பார்வை வேலை பார்த்து வைத்துவிட்டான். நல்ல வேலைதான். ஆனால் தனியாள் தங்குகிற அறை, லீவுக்கு மட்டும் வீடு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. போங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. போகாதீர்கள் என்றால், அந்தச் சுவரோர நாற்காலியிலேயே அவரைக் கட்டிப்போடுவது மாதிரி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த மனுஷன் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

நான் நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை, வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருகிறவள். நாங்கள் ஏழு பேர். எங்களுக்கு மேலே பெரிய சிஸ்டர். காலையில் ஆபீஸில் கூடி, சுவரில் இருக்கும் வெள்ளைப் போர்டைப் பார்த்து, யார் எந்த வீட்டுக்கு என்று குறித்துக்கொண்டு கிளம்புவோம். போர்டில் எழுதுவது பெரிய சிஸ்டர்; அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்ததும் அவர் மட்டும்தான். நடுவில் ஏதாவது மாறினால் போன் மேல் போன். ஒருநாள் நான் போய் நின்ற வீட்டில் நோயாளியே இல்லை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் வீட்டில் வந்து புலம்புவேன். அவர் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவார். ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எங்கள் ஏழு பேருடைய பெயர், அன்றைக்குப் போக வேண்டிய வீடுகள், வழி, முடித்ததும் அழுத்த ஒரு பட்டன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய சிஸ்டரிடம் ஓட்டை வாயாக உளறிவிட்டேன். அவர், "வியாழக்கிழமை ஒரு நாள் பார்க்கலாம். சரியா வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார். நாள் பார்த்து வைத்தது போல அதே வியாழக்கிழமை.

லேப்டாப்பில் இருப்பதை எங்கள் போனில் வர வைக்க வேண்டும். அதற்கு எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் கட்டடத்தில், கிளவுடில், ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்தார். அப்ளிகேஷனைக் கன்டெய்னரில் போட்டு அங்கே ஏற்றினார்.

"கன்டெய்னர்னா?" என்றேன்.

"அது ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் அதுகூடவே கட்டி அனுப்பிடறது. போற இடத்துல எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எங்க வச்சாலும் ஒரே மாதிரி ஓடும். இனிமே எவனும் 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. நோயாளி வீட்டில் கத்தரி இருக்குமா, பஞ்சு இருக்குமா என்று நம்பி நான் போவதில்லை. எல்லாம் என் பையிலேயே இருக்கும்.

வியாழக்கிழமை காலை என் போனில் திறந்து பார்த்தேன். பளிச்சென்று வந்தது. அவர் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தார், அங்கேயும் வந்தது. "போயிட்டு வா" என்றார். குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

ஆபீஸில் ஏழு பேரும் போனை எடுத்தோம். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனிலும் அதேதான். பெரிய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஒருத்தருக்கும் வரலை."

"இங்க வருதே" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது.

கன்டெய்னரை நிறுத்தித் திரும்ப ஓட்டினார். வரவில்லை. இன்னொரு தரம். வரவில்லை. உள்ளே பெரிய சிஸ்டர் மார்க்கரை எடுத்துப் போர்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் நோட்டைத் தேடினார்கள். என் மானம் போனால் போகட்டும், அந்த மனுஷனைச் சாயங்காலம் எப்படிப் பார்ப்பேன் என்றுதான் இருந்தது.

"உள்ள எல்லாம் சரியாத்தான் ஓடுது" என்றார் அவர். "யார் யார் வந்தாங்கன்னு பதிவாகும். அதுல நம்ம வீட்டைத் தவிர ஒருத்தருமே இல்லை. வாசல் வரைக்கும்கூட யாரும் வரலை."

"காலையில என் போன்ல வந்துச்சே?"

"வீட்டு வைஃபையில பார்த்தே."

அப்புறம் "ஐயையோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

விஷயம் இதுதான். நோயாளிகளின் விலாசம் இருக்கிறதே, வேலை முடிகிற வரை கண்டவன் நுழையக் கூடாது என்று, அந்த மெஷினின் வாசலை எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் அல்லவா? அதை மற்றவர்களுக்கும் திறந்துவிட மறந்துபோனார். உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும் ஓடுகிற வெப்சைட்டைச் செய்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பூரித்துப் போயிருக்கிறோம்.

உடனே எல்லாருக்கும் திறந்துவிட்டார். நான் உள்ளே போவதற்குள் ஒருத்தி, "வந்துடுச்சு" என்றாள். அடுத்தவளுக்கும் வந்தது. பெரிய சிஸ்டர் என் கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு அவரிடமே கேட்டார்.

"என்ன ஆச்சு? நெட்வொர்க்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர், "இல்லைங்க சிஸ்டர். எங்க வீட்டுக்கு மட்டும் திறந்து வச்சிட்டு மறந்துட்டேன். என் தப்பு. உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் பாஸ்வேர்டு இருக்கு, அதனால இப்ப திறந்ததுல பயமில்லை" என்றார்.

பெரிய சிஸ்டர் மார்க்கரை மூடினார். எங்கள் பக்கம் திரும்பி, "இவர் நம்பரை எல்லாரும் எழுதிக்கோங்க. எது சரியில்லைன்னாலும் என்கிட்ட வராதீங்க, நேரா அவரையே கேளுங்க" என்றார். அது பாராட்டா தண்டனையா என்று தெரியாமலே நான் கிளம்பினேன்.

சாயங்காலம் ஆபீஸை விட்டு வரும்போது பெரிய சிஸ்டர் என்னை நிறுத்தி, "இதுவே இருக்கட்டும். நாளைக்கு வந்து பேசச் சொல்லு" என்றார். கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தேன்.

அவர் சுவரோர நாற்காலியில் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். எங்களில் மூத்த நர்ஸின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. 'முடிந்தது' பட்டனுக்குப் பக்கத்திலேயே 'ரத்து' பட்டனை வைத்த புத்திசாலி யார், அவள் கட்டை விரல் பட்டு ஒரு தாத்தாவையே ரத்து பண்ணிவிட்டாளாம். "மாத்திடறேங்க, இன்னைக்கே மாத்திடறேன்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். வைத்ததும் என்னைப் பார்த்து, "எழுத்து சின்னதா இருக்காம், வழி சுத்தி விடுதாம். மத்தியானத்துலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பிடிச்சு வாங்கறாங்க" என்றார். எத்தனையோ மாதமாக என்னைத் தவிர அவரை யாரும் கூப்பிட்டதில்லை. முகம் ஜொலித்தது.

நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"என்ன மாப்பிள்ளை, முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் வரலை மச்சான். தப்பா எடுத்துக்காதீங்க. இங்க ஏழு பேர் என்னைத் திட்டறதுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. இன்னொரு கால் வருது பாருங்க, வச்சிடறேன்."

வைத்தே விட்டார். பெரிய சிஸ்டர் சொன்னது இன்னும் என் வாயிலேயே இருந்தது. அது தெரியாமலே அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

உடனே என் போன் அடித்தது. அண்ணன்தான்.

"என்னம்மா இது, திட்டறாங்கன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறார். அவருக்கு என்ன ஆச்சு?"

கூடத்தில் அவர் யாரிடமோ, "சொல்லுங்க சிஸ்டர், எந்தப் பட்டன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணும் ஆகலைண்ணே" என்றேன். "தேறிட்டார்."