மடை மாற்றச் சொன்னவள்

அன்று கடலைக்காட்டில் இருந்தது அப்பா, அம்மா, மாமன், நான், அப்புறம் அப்பாவின் தோளில் தங்கச்சி. அவளுக்கு ஒன்றரை வயசு. காது கேட்காது.

அதைக் கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். பிள்ளைக்குக் கை காட்டிப் பேசாதீர்கள், காட்டினால் வாய்ப்பேச்சு வராது என்றும் சொன்னார். அந்தப் பிள்ளை ஒருதரம் அம்மா என்று கூப்பிட்டால் போதும் அம்மாவுக்கு. அன்றிலிருந்து அம்மா தங்கச்சி முன்னால் உட்கார்ந்தால் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். வாயை மட்டும் அசைப்பாள். தங்கச்சி முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளில் இழுப்பதை விட்டாள். அம்மா முகத்தைப் பார்ப்பதையும் விட்டாள். நான் கை காட்டினால் அடி விழும்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஓடும் இடத்தில் அந்தச் சட்டம் நடக்காது. அந்தச் சத்தத்தில் எல்லோரும் செவிடுதான். அப்பா கிணற்று மேட்டிலிருந்து கையைத் தூக்கி வலப்பக்கம் வீசுவார். தூரத்தில் மண்வெட்டியோடு நிற்கும் மாமன் மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்புவார்.

அன்று பாதிப் பாத்தி பாய்வதற்குள் மாமன் மடையை மாற்றிவிட்டார். அப்பா எஞ்சினை நிறுத்தினார். மாமன் மேட்டுக்கு வந்தார்.

“ஏன்டா மாத்துன?”

“நீங்கதான மச்சான் கை போட்டீங்க.”

“நான் வெத்தலை போட்டுட்டிருந்தேன்டா.”

மாமன் அண்ணாந்து பார்த்தார். தோளில் இருந்த தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்கி வலப்பக்கம் வீசினாள்.

“மச்சானுக்கு மேல ஒரு மொதலாளி இருக்குதாட்ட இருக்குது” என்றார் மாமன்.

அப்பா சிரிக்கவில்லை. சோறு கொண்டுவந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

“அவ சொல்லி ஒரு ஆளு கேட்டிருக்கறான். கையை வெளிய எடு புள்ள.”

அம்மா சுருட்டிய முந்தானையை மெல்லப் பிரித்தாள். பிறகு கையை எடுத்து, வா என்று காட்டினாள். வாயாலும் சொன்னாள். அப்பா இறக்கிவிட்டார். தங்கச்சி நின்று அந்தக் கையையே பார்த்தாள். அம்மா மறுபடி காட்டினாள். தங்கச்சி நடந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அழுதாள். பாதிப் பாத்தி பாயாமல் போனதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரைத் திருப்பி விட்டுக்கலாம் அம்மா என்று சொன்னேன். அவள் எதை விட்டுவிட்டு அந்தக் கையை எடுத்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

பொங்கல் வரைக்கும் தங்கச்சி வாயால் சொன்னது ஒன்றுமில்லை. கையால் சொன்னது பதினேழு வார்த்தை.