பேர் சொல்லிக் கொடுக்கும் அரிவாள்

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், கருப்பர் கோயில் சாமியாடும் அரிவாள் ராக்கன் பெரியப்பா வீட்டுக்குத்தான். தகப்பனால் முடியாமல் போகிற வருஷம், சன்னதியில் நின்று மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மகன் "வந்தேன்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். குரல் வராவிட்டால் பங்காளி வீட்டுக்குப் போய்விடும்.

பெரியப்பாவுக்கு ஒரே மகன். தன் அப்பா பேரான கருப்பன் என்பதையே அவனுக்கு வைத்திருந்தார். அவனும் நானும்தான் எங்கள் தெருவின் முதல் பட்டதாரிகள். எனக்கு அது இன்றைக்கும் பெருமை. ஆனால் திருச்சி ஹாஸ்டலில் அவன் பேரையும் நிறத்தையும் சேர்த்துவைத்துச் சிரித்தார்கள். வேலை கிடைத்ததும் பேரைப் பிரசாந்த் என்று மாற்றிக்கொண்டான்.

பெரியம்மா போனபின் பெரியப்பா தனியாகத்தான் பொங்கித் தின்றார். முழங்கால் தேய்ந்துவிட்டது. மகனுக்குப் போன் போட்டார்.

"வாரேன்ப்பா. அரிவாளையும் வாங்கிக்கிறேன். ஆனா பிரசாந்த்னு கூப்புடுங்க."

"அடேய், ஒன் ஆபீசுல எந்தப் பேரு வேணா இருக்கட்டும். கருப்பருக்கு முன்னால எங்கப்பன் பேரத்தான்டா சொல்லுவேன்."

"அது அய்யா பேருப்பா. எம்பேரு வேற."

ஆடித் திருவிழாவுக்கு வந்தான். விரதம் இருந்து, வேட்டி கட்டி, முன்னால் வந்து நின்றான். மேளம் அடங்கியது.

"கருப்பா!"

அவன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் கூப்பிட்டார்.

"என்னப்பா, இஞ்சினியரு காதுல ஹெட்செட்டா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இங்கிட்டுத்தானப்பா நிக்கிறேன். கூப்புடுங்க" என்றான் மெதுவாக.

பெரியப்பாவின் உதடுகள் 'பி' என்று சேர்ந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பங்காளி பக்கம் திரும்பினார்.

"குணசேகரா!"

"வந்தேன்."

மறுநாள் மகன் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது "சாப்ட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டுத்தான் போனான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. மழை பெய்ததா, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாரா என்று கேட்கிறான். பெரியப்பா பதில் சொல்கிறார். எந்தப் பேரையும் சொல்வதில்லை.

போன வாரம் நான் உள்ளே நுழைந்தபோது லைன் கட்டாகியிருந்தது. அது தெரியாமல் போனைக் காதில் அழுத்தியபடி, "ஏப்பா... ஏப்பா, இருக்கியா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.