பட்டினிப் பாசிக்கு அப்பா போட்ட அன்னபேதி

நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசி. தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கூட்டம் சேர்ந்தால் வைக்கோல் தூள் மாதிரி மிதக்கும். காற்றிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக் கடலுக்கே சோறு போடுகிற உயிர் இது. அந்த வேலைக்கு இரும்பு வேண்டும். நடுக்கடலில் இரும்பு ரொம்பக் கம்மி. கரியமில வாயு கரைந்து கரைந்து கடல்நீர் புளித்துக்கொண்டே போனால், இருக்கிற இரும்பை வைத்துக் குப்பை கொட்டுவது இன்னும் கஷ்டம். ஆனாலும் லேசில் சாகாது. இரும்பு கேட்கும் புரதத்தை நிறுத்திவிட்டு, இரும்பு இல்லாமலே அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும். வெளுத்துப்போய், மெதுவாக வளர்ந்து, நாளை ஓட்டும்.

அப்படி எவ்வளவு நாள் ஓட்டும் என்று பார்க்க ஒன்பது பாட்டில்களை எட்டு மாதம் பட்டினி போட்டு வளர்த்தேன். ஐந்தில் புளித்த கடல்நீர், நான்கில் சாதாரண கடல்நீர். என் ஆய்வேடே அந்த ஒன்பது பாட்டில்தான்.

கடற்கரையிலிருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் மழைத் தண்ணீர் புகுந்து இரண்டு வாரம் மூடினார்கள். பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் களமருதூருக்கு வந்துவிட்டேன். ஜன்னலோர மேசையில் வரிசையாக அடுக்கி, "யாரும் தொடக் கூடாது" என்று அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. குத்தகைக்கு நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் வைக்கிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்கிற திமிர்தான்.

ஒரு நாள் உதவித்தொகைச் சான்றிதழுக்காகக் கள்ளக்குறிச்சி போய் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். திரும்பி வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை பாட்டில்களைப் பார்த்தேன். ஒன்பதும் பச்சை பிடித்திருந்தன.

"அப்பா! இதுல இன்னா போட்டே?"

அப்பா சிரித்த முகமாக வந்தார். "அன்னபேதிம்மா. மணிலாவுக்கு அடிச்சது மிச்சம் கெடந்துச்சி. தண்ணியில கரைச்சி, உன் பில்லர்லயே ஒவ்வொரு சொட்டு வுட்டேன். எல்லாம் வெளுத்துப்போய்க் கெடந்துச்சே, நீ கவனிக்கலியா?"

அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கொல்லைக் காட்டில் மணிலா வெளுத்தால் எங்கள் பக்கம் எல்லாரும் அதைத்தான் அடிப்பார்கள். அவர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மூளை இருக்குதா உனக்கு? எட்டு மாசம்பா! பட்டினி போட்டுத்தானே வச்சிருந்தேன்! யாரு உன்னக் கேட்டா?" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"பட்டினி போட்டு இன்னாம்மா பாக்கப் போற?"

"எப்படிப் பொழைக்குதுன்னு!"

மேற்பார்வைப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் சுருக்கமாகச் சொன்னார்: இரும்பு பட்டுவிட்டது, இனி அதில் ஒன்றும் எடுக்க முடியாது, அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு. போனை வைத்ததும் அழுகை முட்டியது. இன்னொரு எட்டு மாதம்.

கொல்லைப்புறத்தில் வாளியை வைத்து பிளீச்சிங் கரைத்தேன். உயிரோடு வெளியே ஊற்றக் கூடாது, கொன்றுதான் ஊற்ற வேண்டும். அப்பா பின்னாலேயே வந்து நின்றார். எட்டு பாட்டில்களைக் கவிழ்த்தேன். ஒன்பதாவதை நான் எடுக்கும்முன் அவர் எடுத்துக்கொண்டார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத் தேறிக்கினு வருதும்மா. இது ஒண்ணாச்சும் கெடக்கட்டுமே."

"குடுப்பா."

கொடுத்தார். வாளியில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை போய்த் தண்ணீர் வெளுத்தது. அப்பா அதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, சாப்பிடாமலே கழனிக்குப் போனார்.