இலையோடு சாப்பிட்ட பெரிய வெள்ளி

பெரிய வெள்ளியன்று மெல்பேர்ன் நகரமே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எழுபதுகளில் ஓர் ஈஸ்டர் விடுமுறைக்குச் சிட்னியிலிருந்து ரயிலேறி வந்திருந்தோம். என் கணவர் கையில் கிடைத்த எதையும் சாப்பிடுவார். நான் சைவம். வீட்டில் சோறும் பருப்பும் இருந்தன. வெளியே போனால் பட்டினிதான். அவரோடு வேலை செய்பவர்கள் விருந்துக்குக் கூப்பிட்டு, என் தட்டில் ஓர் அவித்த உருளைக்கிழங்கை வைத்துவிட்டுப் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு கதிரை போட்டுச் சோறு போடத் தெரியாத நாட்டில் இருக்கமாட்டேன், இந்தப் பயணம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போக ரிக்கற் போடுங்கோ என்று ரயிலிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பசி வயிற்றைக் கிள்ள லோன்ஸ்டேல் தெருவில் நடந்தோம். ஒரே ஒரு கடை திறந்திருந்தது, கிரேக்கர்களுடையது. அவர்களின் ஈஸ்டர் அந்த வருடம் பிந்தித்தான் வருகிறதாம். கறுப்புச் சட்டை போட்ட கடைக்கார அம்மா என் சேலையை ஒருமுறை பார்த்தார். பிறகு கையைப் பிடித்து நேரே குசினிக்குள் கூட்டிப்போய், சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அங்கே வழக்கமே அதுதானாம்: பார்த்துப் பிடித்ததைக் கேட்க வேண்டும். தக்காளியில் வெந்த பெரிய அவரை விதை, கீரையும் சோறும், சுருட்டி அடுக்கிய இலைகள்.

இறைச்சி இருக்கிறதா என்று என் கணவர் கேட்டார். அந்த அம்மா கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக் காட்டி, இல்லையென்று தலையாட்டினார். ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டைகூட இல்லை. எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. விரதம்!

சுருட்டிய இலைகள் தட்டில் வந்தன. நான் பக்குவமாக ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளேயிருந்த சோற்றைச் சாப்பிட்டு, இலைகளை எங்கள் வழக்கப்படி என் பக்கமாக மடித்து ஓரத்தில் அடுக்கினேன். சாப்பாடு திருப்தி என்று இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. குசினியிலிருந்து இன்னும் சில சுருள்களைக் கொண்டுவந்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றை இலையோடு தன் வாயில் போட்டு மென்று காட்டினார். அடுத்ததை என் வாயில் வைத்தார். திராட்சை இலையாம். தேசிக்காய்ப் புளி ஏறிய அந்த இலைதான் பாதி ருசி. அதையல்லவா குப்பைக்கு ஒதுக்கினேன்! நான் சிரித்தேன், அவர் சிரித்தார், மடித்து வைத்த இலைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துத் தின்றேன். கல்யாணமாகி வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை.

என் கணவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, ரிக்கற் போடவோ?"

"அவவின்ர விரதம் முடியட்டும், பாப்பம்."

அந்த விரதம் வருடாவருடம் வந்தது. நாங்களும் வருடாவருடம் மெல்பேர்னுக்கு ரயிலேறினோம்.