ஆடியில் ஒரு ஆபரேஷன்

தில்லை நகரில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் இர்பானா நர்ஸ். பித்தக் குழாயில் சிக்கிய கல்லை டாக்டர் வாய்வழியே குழாய் விட்டு எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது அவர் வேலை. அவருடைய திறமையைப் பார்க்க மறுநாள் வார்டுக்கு வர வேண்டும்.

வலி போய், கண்ணில் மஞ்சள் குறையத் தொடங்கியதும் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். கல் உண்டாகும் பித்தப்பை உள்ளேயே இருக்கும். அப்படிக் கிளம்பிப்போன இர்பானாவின் மாமா தாஜுதீன், கணையம் வீங்கித் திரும்பி வந்தார். பிழைக்கவில்லை. அதன் பிறகு ஒருவரையும் இர்பானா லேசில் விடுவதில்லை.

போன ஆடியில், மருங்காபுரி விவசாயி தர்மராஜ் கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? நாளைக்குப் பித்தப்பை ஆபரேஷன் இருக்கே."

"கல்லுதான் எடுத்தாச்சேம்மா. ஆடியில யாராச்சும் உடம்புல கத்தி வைப்பாங்களா? ஆவணில வரேன்."

"வாய்க்கால்ல அடைச்ச கல்லத்தான் எடுத்திருக்கு. கல்லு விளையுற பை அப்படியே இருக்கு. ஆவணி வரைக்கும் அது சும்மா இருக்குமா?"

"ஆடி ஆகாதும்மா."

இர்பானா, பையும் கையுமாக நின்ற அவர் மனைவி வள்ளிக்கண்ணுவிடம் திரும்பினார். "ஏங்க்கா, ஆடியில உங்க ஊர்ல என்ன வேலை?"

"கடலை விதைப்போம். மழை வேற பெஞ்சிருக்கு."

"விதைக்க ஆகுற ஆடி, வைத்தியத்துக்கு மட்டும் ஆகாதோ?"

வள்ளிக்கண்ணு சிரித்துவிட்டார். "அதான் சங்கதி தங்கச்சி. இவரு ஆடிக்கா பயப்படுறாரு? ஈரம் காஞ்சிரும்னு ஓடப் பாக்குறாரு."

மானாவாரி நிலம். இந்த ஈரம் போனால் இந்த வருஷ விளைச்சல் போச்சு. அதைக் கேட்டதும் இர்பானா ஆடியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார்.

"நீங்க விதைக்க மாட்டீங்களாக்கா?"

"ஏன் மாட்டேன்? என் கூடப்பொறந்த தங்கச்சி ஜோதிய கூட்டிக்கிட்டா முடிச்சிருவேன்."

தர்மராஜ் பதறினார். "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா இங்க?"

"நான் இருக்கேண்ணே" என்றார் இர்பானா.

தர்மராஜ் செருப்பைத் தேடுவதை விட்டுக் கட்டிலில் ஏறினார். வள்ளிக்கண்ணு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினார். இர்பானா அடுத்த நாள் டியூட்டியை மாற்றிக்கொண்டு, ஆபரேஷன் அறை வாசலில் உறவுக்காரர் போலக் காத்திருந்தார். சிறு துளைகள் வழியே பித்தப்பை வெளியே வந்தது. மறுநாள் காலை இர்பானா அவருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வள்ளிக்கண்ணு போன் செய்தார், விதைத்து முடித்திருந்தார்.

"உழவுச் சால் நேரா விழுந்துச்சா?" என்று கேட்டார் தர்மராஜ்.

"நீங்க மொதல்ல நேரா நடங்க" என்றார் வள்ளிக்கண்ணு.

இர்பானா கை கொடுக்க, அவர் மெல்ல எழுந்தார்.